பட்டமா? படைக்கலமா?

இயக்கத்தின்பால் பற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் இளங்கலைத் தேர்வில் வென்று நிற்கும் வேளையில், அவரை நோக்கி இருவேறு குரல்கள் எழுவது ஊர்தோறும் காணும் காட்சி. "படித்தது போதும்! நாடு எரிகையில் நூலகத்தில் அமர்ந்து ஏட்டைப் புரட்டுவதா? களத்திற்கு வா!" என்பது தோழர் குரல். "முதுகலையை முடி, முனைவர் பட்டம் பெறு, அரசுப் பணியில் அமர், மொழியையும் இனத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது பெற்றோர் குரல். ஒன்றுக்கொன்று பகைபோல் தோன்றினும், இவ்விரு குரல்களும் ஒரே பிழையையே செய்கின்றன. மேற்படிப்பு என்பது அலுவலுக்கு ஏறும் படிக்கட்டு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றே இரண்டும் கொண்டுள்ளன. ஒன்று அப்படிக்கட்டை வெறுக்கிறது, மற்றொன்று விரும்புகிறது. வேற்றுமை அவ்வளவே.

அவ்வாறு கொள்வதற்குக் கரணியம் இல்லாமலில்லை. அடிமை நாடுகளில் பல்கலைக்கழகங்கள் எழுந்ததே பெரும்பாலும் ஆள்வோர்க்கு வேண்டிய எழுத்தரையும் கணக்கரையும் வழக்குரைஞரையும் ஆக்கித் தருவதற்காகத்தான். ஆளும் நாட்டின் தலைநகரிலும் அதற்கெனத் தனிப்பள்ளி இருந்தது. 1916-இல் இலண்டனில் நிறுவப்பெற்ற கீழைநாட்டாய்வுப் பள்ளி, கீழை மக்களின் மொழிகளையும் வழக்கங்களையும் பேரரசின் அலுவலர்க்குப் பயிற்றுவதைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. பின்னாளில் ஆப்பிரிக்காவையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஆளப்படுவோன் மொழியை ஆள்வோன் கற்பது அன்பினால் அன்று. வரி தண்டவும், வழக்குத் தீர்க்கவும், கிளர்ச்சியை முன்னறியவும் அது அவனுக்கு வேண்டியிருந்தது. அத்தகைய பள்ளியின் வாயிலில்தான், 1963-இல், கயானா நாட்டுத் தையற்காரர் ஒருவரின் மகன் உதவித்தொகை பெற்ற ஆய்வு மாணவராக வந்து நின்றார். அவர் பெயர் வால்ட்டர் உரோட்னி.

கயானா தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள நாடு. அந்நாள் அது பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து கொட்டிய நிலம் அது. அடிமை முறை ஒழிந்தபின், 1838 முதல் 1917 வரை, ஏறத்தாழ 2,39,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர். அப்பகுதியினருள் தமிழர் பலர். அவர்தம் வழியினர் இன்றும் அங்கு உளர், மொழியைத்தான் இழந்துவிட்டனர். உரோட்னி 1942-இல் அந்நாட்டின் தலைநகரில் ஆப்பிரிக்க வழியினராகப் பிறந்து, பள்ளி தொட்டே உதவித்தொகையால் படித்து, சமைக்காத் தீவிலுள்ள மோனாப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றுப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவர். இலண்டனுக்கு அவரை அனுப்பியவர்கள் ஒரு நல்ல பேராசிரியரை எதிர்பார்த்தனர். அவர் தேடிப் போனது வேறொன்று.

உரோட்னி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மேல்கினியாக் கரையின் வரலாறு. 1545 முதல் 1800 வரையுள்ள காலம். ஆப்பிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கரைகளுள் அதுவும் ஒன்று. அக்கரையைப் பற்றி எழுதி வைத்தவர்களுள் முதல்வர் போர்த்துகீசியர். எனவே உரோட்னி போர்த்துகீசிய மொழியைக் கற்றார், எசுப்பானியத்தையும் கற்றார், பிரெஞ்சு பள்ளியிலேயே பயின்றிருந்தார். இலிசுபனிலும் செவில்லிலும் உரோமிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து, வணிகரும் மாலுமியரும் சமயப் பணியாளரும் எழுதிய பழைய மடல்களையும் கணக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொள்ளையிட்டவனே தன் கைப்பட எழுதி வைத்த கணக்கைக் கொள்ளையிடப்பட்டவனின் வழித்தோன்றல் எடுத்துப் படித்தான் என்க.

அவ்வாறு படித்ததில் கிடைத்தது என்ன? அடிமை வணிகத்திற்கு வக்காலத்து வாங்கிய மேலை அறிஞர் பலர் நெடுங்காலமாக ஒன்றைச் சொல்லி வந்தனர். ஆப்பிரிக்காவில் அடிமைகள் முன்பே இருந்தனர். ஐரோப்பியர் அங்கிருந்த சந்தையில் வாங்கியவரே. அடிமைத்தனத்தை ஆக்கியவர் அல்லர் என்பதே அது. மேடையில் இதனை மறுத்து முழங்குவது எளிது. உரோட்னி முழங்கவில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அக்கரைக்கு வந்து சென்றவர்தம் குறிப்புகளை ஆராய்ந்து, விற்பனைக்குரிய உடைமையாக வைக்கப்பட்ட அடிமை வகுப்பொன்று அங்கு இருந்தமைக்கு அவற்றில் தக்க சான்றில்லை என்று காட்டினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் காணப்பட்ட அடிமை முறை, கடல் வணிகம் ஈன்ற குழவியே என்று நிறுவினார். இதனை 1966-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அவ்வாண்டே முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 24. அவ்விடுநூல் பின்னர் 1970-இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக வெளியீடாகவே வந்தது. பகைவன் வீட்டு அச்சகமே அதனை அச்சிட நேர்ந்தது, அதிலிருந்த சான்றுகளின் வலிமையால்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழியக்க மேடைகளில் பற்று மிகுந்திருக்கும் அளவிற்குச் சான்று மிகுந்திருப்பதில்லை. ஒரு சொல்லின் வேரைச் சொல்லும்போதும், ஓர் அரசனின் காலத்தைச் சொல்லும்போதும், எதிரில் அமர்ந்திருப்பவன் "எந்தக் கல்வெட்டு? எந்தப் பதிப்பு?" என்று ஒரு கேள்வி கேட்டால் பேச்சாளர் திணறுவது உண்டு. கைதட்டல் அத்திணறலை அன்றைக்கு மூடிவிடும். மறுநாள் அதே கேள்வி அச்சில் வரும். தமிழரின் நகர வாழ்வு பழமையானது என்று அரை நூற்றாண்டு மேடையில் பேசியும் அசையாதவர்கள், கீழடி மண்ணடுக்கிலிருந்து எடுத்த கரியின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டபோது வாயடைத்துப் போயினர். அல்லது வாதிடவேனும் புதுச் சான்று தேட வேண்டியவராயினர். அக்குழியில் இறங்கியவர்கள் முறையாகப் பயின்றவர்கள். மண்ணை அடுக்கடுக்காகச் சீவத் தெரிந்தவர்கள். பயிற்சியில்லாப் பற்றாளர் நூறு பேர் அங்கு மண்வெட்டியோடு இறங்கியிருந்தால், சான்று அழிந்திருக்கும்.

ஆயினும் பல்கலைக்கழகம் மட்டுமே உரோட்னியை ஆக்கிற்று என்பதும் பொருந்தாது. இலண்டனில் அவருக்கு இன்னொரு பள்ளி இருந்தது. திரினிதாடு நாட்டவராகிய சி.எல்.ஆர். சேம்சு என்னும் முதுபெரும் மார்க்சிய அறிஞரின் வீட்டில் மேற்கிந்தியத் தீவுகளின் இளைஞர் சிலர் கூடிப் படித்தனர். அங்கே தேர்வில்லை, மதிப்பெண்ணில்லை. ஒரு புரட்சி ஏன் வென்றது, ஏன் வழுவியது என்று நூலை வைத்துக்கொண்டு வரிவரியாக உசாவினர். காப்பகம் அவருக்குச் சான்றைத் தந்தது. அவ்வீடு அச்சான்றை எவர் பொருட்டுத் திரட்டுவது என்பதைத் தந்தது. ஒன்றின்றி மற்றொன்று அமைந்திருந்தால், அவர் நல்ல நூற்பட்டியல் உடைய பேராசிரியராகவோ, நல்ல குரல்வளம் உடைய பேச்சாளராகவோ நின்றிருப்பார்.

1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மோனாவிற்கே ஆசிரியராகத் திரும்பினார். பகலில் வகுப்பு, மற்ற நேரங்களில் நகர்ப்புறச் சேரிகளுக்கும் ஓடைக்கரைக் குடிசைகளுக்கும் போய், கற்றோர் எவரும் அண்டாத இராசுட்டபாரி மக்களோடு தரையில் அமர்ந்து ஆப்பிரிக்க வரலாற்றை உரையாடினார். அவர் கேட்டதும் மிகுதி, சொன்னதும் மிகுதி. பத்துத் திங்கள்கூட அரசு பொறுக்கவில்லை. கனடாவில் நடந்த கருப்பின எழுத்தாளர் மாநாட்டிற்குச் சென்று 15.10.1968 அன்று திரும்பியவரை வானூர்தியிலிருந்து இறங்கவே விடவில்லை. மறுநாள் மாணவர் ஊர்வலம் புறப்பட்டது. நகர மக்களும் எழுந்தனர். எண்ணிப் பார்க்க! இடுநூல் எழுதியதற்காக எந்த அரசும் அவரைத் தடுக்கவில்லை. அதில் உள்ளதை ஓடைக்கரையில் சொன்னபோதுதான் அவர் நாட்டிற்குக் கேடானவர் ஆனார்.

இதனினும் கூர்மையாக இவ்வுண்மையைக் காட்டுவது கென்யா நாட்டுக் கூகி வா தியாங்கோவின் வாழ்க்கை. அவர் பள்ளியில் படித்த நாளில், பள்ளி எல்லைக்குள் தாய்மொழியாகிய கிகூயுவைப் பேசிய சிறுவர்க்குப் பிரம்படி விழும். அல்லது 'நான் முட்டாள்' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவார்கள். (ஆங்கிலப் பள்ளிகளில் தமிழ் பேசிய குழந்தைக்குத் தண்டம் விதிக்கும் கூத்தைக் கண்ட தமிழ்ப் பெற்றோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.) உரோட்னி இலண்டனில் இருந்த அதே ஆண்டுகளில், 1964-இல், கூகி இங்கிலாந்தின் இலீட்சுப் பல்கலைக்கழகத்திற்கு முதுநிலை ஆய்வுக்காகச் சென்றார். மேற்கிந்தியத் தீவுகளின் இலக்கியம் அவர் எடுத்துக்கொண்ட பொருள். மார்க்சையும் பனோனையும் அங்குதான் ஆழ்ந்து படித்தார். புதினம் ஒன்றையும் எழுதினார். இடுநூலை மட்டும் முடிக்கவேயில்லை! பட்டமின்றியே நாடு திரும்பினார்.

தோழர் குரல் இதனைக் கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. பட்டத்தை விட்டவர் படிப்பை விட்டாரல்லர். 1968-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் வேறு இருவரோடு சேர்ந்து, ஆங்கிலத் துறையை ஒழித்து ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்க வேண்டும் என்று எழுத்து வாயிலாக வாதிட்டார். ஆங்கில இலக்கியத்தை அதன் தலையூற்றிலேயே சென்று கற்றிராதவர் அதனைச் சொல்லியிருந்தால், மொழி தெரியாதவன் புலம்பல் என்று ஒதுக்கியிருப்பர். சேம்சு என்ற பெயரையும் பின்னர் களைந்தார். வேதாசலம் மறைமலை ஆன வரலாற்றை அறிந்தோர்க்கு அதன் பொருள் விளங்கும்.

ஆயினும் அதுவரை கூகி எழுதியதெல்லாம் ஆங்கிலமே. திருப்பம் 1976-இல் வந்தது. இலிமுருவை அடுத்த கமிரீத்து என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பெண் ஒரு நாள் விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். நிறையப் படித்தவராமே, நூல்கள் எழுதுகிறவராமே, அக்கல்வியில் ஒரு பங்கை ஊருக்குத் தரலாகாதா என்பது அவர் கேள்வி. ஊரில் இளைஞர் மன்றம் ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதனை எழுப்ப வாருங்கள் என்பது வேண்டுகோள். மறுமொழியில் உறுதி காணாமையால் அவர் மீண்டும் மீண்டும் வந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாணவரிடம் கேட்டிராத கேள்வியை அவ்வம்மையார் கேட்டார்.

கூகி சென்றார். முதியோர் எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின; நாடகம் ஒன்று திட்டமிடப்பட்டது. எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உழவரும் தோட்டத் தொழிலாளரும் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளரும் பார்க்கவும் நடிக்கவும் போகும் நாடகம் கிகூயுவில் அல்லாமல் வேறெதில் இருக்க முடியும்? கூகியும் தோழர் ஒருவரும் எழுதிய படியை ஊரார் கூடிப் படித்துத் திருத்தினர். முதியவர் இப்படிப் பேசார், இப்பழமொழி இவ்விடத்தில் பொருந்தாது, இப்பாட்டு இவ்வாறு வராது என்று பேராசிரியர்க்கு அவர்கள் பாடம் நடத்தினர். தம் கூலியையும் விளைபொருள் மதிப்பையும் தாமே கணக்கிட்டுச் சேர்த்தனர். ஏறத்தாழ 2,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கைத் தம் கைகளாலேயே கட்டினர்.

அதே 1977-இல் அவருடைய ஆங்கிலப் புதினம் ஒன்று வெளிவந்தது. ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடும் நூல். எனினும் அதன் வெளியீட்டு விழாவிற்கு அரசின் அமைச்சரே வந்து சிறப்பித்தார். கமிரீத்து நாடகம் அக்டோபரில் அரங்கேறியது. ஆறு கிழமைகள் மக்கள் திரண்டு திரண்டு வந்தனர். நவம்பரில் அரசு தடை விதித்தது. ஆண்டின் கடைசி நாளில் கூகி சிறையில் இருந்தார். வழக்கில்லை, உசாவலில்லை, ஓராண்டுச் சிறை! ஆங்கிலத்தில் எழுதிய சாடலுக்கு மாலை. தாய்மொழியில் ஆடிய நாடகத்திற்கு விலங்கு. அச்சிறையில் கழிப்பறைத் தாளில் கிகூயு மொழிப் புதினம் ஒன்றை எழுதினார். அதன்பின் அவர் படைத்த புதினங்கள் அனைத்தும் கிகூயுவிலேயே பிறந்தன. அரங்கை 1982-இல் காவல்துறையினர் இடித்துத் தள்ளினர். அவரோ அவ்வாண்டு முதல் அயல்நாட்டில் வாழ நேர்ந்து, 2025 மே 28-இல் அமெரிக்காவில் மறைந்தார்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் தமிழாய்வுக்கென முனைவர் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. அவ்விடுநூல்களுள் பெரும்பாலானவை தடித்த அட்டையிட்டுப் பொன்னெழுத்துப் பொறித்து நூலக அடுக்கில் ஏறுகின்றன. நெறியாளர் ஒருவர், தேர்வாளர் இருவர், மாணவர் ஆக நால்வர் படித்த நூல் அது. சில வேளைகளில் அந்நால்வரும் படித்தாரா என்பதே ஐயம். வட்டித்தொழில் நடத்தும் ஊரின் கடன் சீட்டுகளைப் பற்றியோ, ஏரிப்பாசனச் சொற்களைப் பற்றியோ நல்ல ஆய்வு செய்தவர்கூட, அதனைப் பதினாறு பக்கச் சிறுநூலாக்கி அவ்வூராரிடம் திருப்பிக் கொடுப்பது அரிது. தரவு கொடுத்த கிழவர்க்குத் தாம் கொடுத்தது எந்நூலில் எவ்வாறு இடம்பெற்றது என்று தெரியாமலே காலம் முடிகிறது. இதில் மாணவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவர் அவர். வீட்டில் கடன் இருக்கும். தங்கைக்குத் திருமணம் ஆகவேண்டியிருக்கும். பட்டம் அலுவலாக மாறியே தீரவேண்டிய இடர் அவருடையது. அதனைப் பழிப்பவர், மாதம் ஒரு தொகை திரட்டி அத்தகைய மாணவர் ஒருவரையாவது ஆய்வு முடியும்வரை தாங்கியதுண்டா? இயக்கத்தின் கூட்டச் சுவரொட்டிச் செலவில் ஒரு பங்கு அதற்குப் போதும். அவ்வாறு தாங்கப்பட்டவரிடம், கமிரீத்து அம்மையார் கேட்ட கேள்வியைக் கேட்கும் உரிமையும் அப்போது இயக்கத்திற்கு உண்டாகும்.

பல்கலைக்கழகம் வேண்டாவென்று தள்ளியவருக்கும் வழி அடைபடுவதில்லை. பாவாணர் கீழைக்கலை முதுவர் பட்டத்திற்கு அளித்த இடுநூல் ஏற்கப்படாமல் திரும்பிற்று. அவர் ஆய்வு அத்தோடு நின்றதா? 1940-இல் ஒப்பியன் மொழிநூல் வந்தது. 1974-இல் அரசே அவரைச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் தலைவராக அமர்த்தியது. அதேவேளை, 1952-இல், அகவை ஐம்பதிற்றாண்டில் அவர் முதுகலைத் தேர்வும் எழுதித் தேறினார் என்பதை அவர் பெயரைச் சொல்லிக் கல்லூரியை இகழும் தோழர்கள் மறந்துவிடுகின்றனர்.

உரோட்னியின் இறுதி ஆண்டுகள் இதற்கெல்லாம் மேலானவை. தான்சானியாவில் பல ஆண்டுகள் கற்பித்து, ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு வளரவிடாமல் செய்தது என்பதை விளக்கும் தம் பெருநூலை 1972-இல் வெளியிட்டபின், 1974-இல் தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக அழைக்கப்பட்டுத் திரும்பினார். வந்து சேர்ந்தவர்க்கு அப்பணி அரசின் தலையீட்டால் மறுக்கப்பட்டது. அயல்நாடுகளில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் அவரை ஏற்கக் காத்திருந்தன. மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் அவர் கயானாவிலேயே தங்கினார். தாழ்நிலத்து வெள்ளத்திற்கு அஞ்சித் தூண்கள்மேல் கட்டிய வீடுகள் அந்நாட்டில் மிகுதி. அவ்வீடுகளின் அடியில் உள்ள நிழலில் ஆப்பிரிக்க வழியினரும் இந்திய வழியினரும் ஒன்றாக அமர்ந்து கேட்கப் பேசினார். இலிண்டன் நகரச் சுரங்கத் தொழிலாளர்க்கு வகுப்பெடுத்தார். அதற்கிடையே தலைநகரக் காப்பகத்தில் அமர்ந்து, கயானா உழைப்பாளிகளின் வரலாற்றை எழுதினார். கடல்மட்டத்திற்குக் கீழுள்ள அக்கரையில் வரப்பும் வாய்க்காலும் எழுப்ப அடிமைகள் வெறும் மண்வெட்டியால் வாரிய சேறு 10 கோடி டன் என்னும் கணக்கை அந்நூலில் எடுத்துக்காட்டினார். சேறு வாரியவனின் பேரனும், பின்னர் அவ்வரப்பில் கரும்பு வெட்டியவனின் பேரனும் ஒருவரையொருவர் பகைவர் என்று எண்ணும்படி செய்யப்பட்டிருந்த நாட்டில், அந்நூல் இருவருக்கும் பொதுவான பத்திரமாயிற்று.

1980 சூன் 13 அன்று, வானொலிக் கருவியில் மறைத்து வைக்கப்பட்ட குண்டு வெடித்து உரோட்னி மாண்டார். அகவை 38. அரசுக்கு அதில் பங்குண்டு என்று உசாவல் ஆணையம் 2016-இல் அறிக்கை தந்தது. உழைப்பாளிகளின் வரலாறு 1981-இல் அச்சாகி வந்தது. அதனோடு அவர் விட்டுச் சென்றவற்றுள் குழந்தைகளுக்கான சிறுகதை நூல்களும் இருந்தன. கயானாவின் ஒவ்வோர் இனத்துக் குழந்தையும் மற்ற இனத்தார் அந்நிலத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதைப் படித்தறிய வேண்டும் என்பது அவர் திட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோபி என்னும் சிறுவனைப் பற்றியது முதற்கதை. இன்னொன்று, இந்தியாவிலிருந்து கூலிக்கப்பலில் வந்த இலக்குமி என்னும் சிறுமியைப் பற்றியது.